ஒரு சுண்டு எத்தனை கிராம்?

எங்கள் வீட்டுச் சுண்டில் தலைதட்டி அளந்தால் 228 கிராம் அரிசி பிடிக்கிறது. அம்மா நாற்பது வருடமாக அளக்கும் அந்தத் தகரப் பேணியை நான் முதன்முதலாகத் தராசில் வைத்தது போன மாசியில்தான்.

அதற்குக் காரணம் அம்மாவின் எச்பிஏ1சி. இரத்தத்தில் மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை அது. 6.5 சதவீதம் வந்தாலே நீரிழிவு, அம்மாவுக்கு 8.4. கிளினிக்கில் தந்த தாளில் ஓட்ஸ், தவிட்டுப் பாண், ஒரு கப் சலாது என்று எழுதியிருந்தது. அம்மா இரண்டு நாள் சாப்பிட்டார். மூன்றாம் நாள் பிட்டு அவித்தார்.

அப்புறம் கைத்தொலைபேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். குயினோவாவும் சால்மனும் சொன்னது. வெள்ளவத்தைச் சந்தையில் என்ன கிடைக்கும், அம்மாவின் பிட்டில் என்னென்ன விழுகிறது என்று நான் அதற்குச் சொல்லியிருக்கவில்லையே. சொல்லாததை அது எப்படி அறியும்? அன்று பின்னேரமே ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன்.

"கையளவை நிறுத்து என்ன காணப்போறாய் பிள்ளை?" என்றார் அம்மா.

"உங்கட கையைத்தான் அம்மா."

ஒரு கிழமை முழுக்க அவர் சமைக்க, நான் நிறுத்து எழுதினேன். அம்மாவின் காலைப் பிட்டு 310 கிராம். அதில் தேங்காய்ப்பூ மட்டும் 70 கிராம். கூடவே உருளைக்கிழங்குப் பிரட்டலும் ஒரு கதலிப்பழமும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் விரலில் குத்திப் பார்த்தால் சீனி 230ஐச் சுற்றியே நின்றது.

இவ்வளவையும் கொடுத்துவிட்டுக் கேட்டபோது பதில் வேறாக வந்தது. மாவில் பாதியைக் குரக்கனாக்க, அதாவது கேழ்வரகாக்கச் சொன்னது. நல்ல யோசனைதான்; 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் கூட. ஆனால் ஐந்து காலை பார்த்தும் சீனி பெரிதாக இறங்கவில்லை. குரக்கனிலும் மாச்சத்து அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம் என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியில்லை.

இறக்கியது வேறு மாற்றம். பிட்டை 190 கிராமாகக் குறைத்து, அந்த இடத்தில் கீரையை நிரப்பினோம். மாவுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் நடுவே முருங்கையிலையை அடுக்கி அவிப்பது அம்மாவின் யோசனை. செயலிக்கு அது தோன்றவில்லை. உருளைக்கிழங்கின் இடத்துக்குச் சூடைமீன் குழம்பும் பயிற்றங்காயும் வந்தன. அந்தக் கிழமை இலக்கங்கள் 160, 171, 165. அம்மா தானே கொப்பியில் எழுதினார்.

செயலியைக் கண்மூடி நம்ப முடியாது என்பதையும் சொல்லவேண்டும். ஒருநாள் சோற்றின் எடையைக் கொடுக்க, அதை அரிசி என்று எடுத்துக் கணக்குப் பார்த்தது. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி, 100 கிராம் சோற்றில் 130தான். பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கும் ஒடியல் மாவைப் பற்றி இரண்டு தரம் கேட்டேன், இரண்டு விதமாகச் சொன்னது. அதனால் அது சொல்வது யோசனை, தீர்ப்பு குளுக்கோமீற்றருடையது. குளிசையைப் பற்றி அதனிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. அது டொக்டரின் வேலை. கொப்பியை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறோம்.

இப்போது சந்தைக்குப் போவதும் மாறிவிட்டது. முன்பு என்ன சமைப்பது என்று முடிவுசெய்துவிட்டுப் போவேன். இப்போது சனிக்கிழமை காலை சந்தையில் நின்றே, அன்று மலிவாய் இருப்பதையும் வீட்டில் மிஞ்சிக் கிடப்பதையும் எழுதி அனுப்புகிறேன்: ஈரப்பலா, வல்லாரை, அரைத்துண்டுப் பூசணி. அம்மாவின் அளவுகளை வைத்தே மூன்று நாளுக்கான சமையலை அது போட்டுத் தருகிறது. வாழைக்காய்த் தோலை என்ன செய்வது என்று மட்டும் அதனிடம் கேட்கத் தேவையில்லை, அம்மா வறை வறுத்துவிடுவார். பால் பிழிந்த தேங்காய்ப்பூவும் வீணாவதில்லை.

குப்பைக்குப் போகும் சாப்பாட்டையும் நிறுக்கிறேன். முதல் கிழமை 2.6 கிலோ, போன கிழமை 900 கிராம். 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பு முழுவதும் கொட்டிய குப்பை அது. எங்கள் வீட்டுப் பழஞ்சோறும் அதற்குள் கிடந்திருக்கும். புதைந்து அழுகும் சாப்பாட்டிலிருந்து மீதேன் வாயு கிளம்புகிறது. அன்றைக்குப் பிறகு மிஞ்சிய சோற்றைக் கொட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். இப்போது அது குறைந்திருப்பது, அம்மாவின் சீனி குறைந்த அளவுக்கே எனக்கு நிம்மதி.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 7.3. டொக்டர் குளிசையைக் கூட்டவில்லை.

ரொறொன்ரோவில் இருக்கும் தங்கச்சி இப்போது அந்தக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறாள். அம்மாவின் பிட்டு, சொதி, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் கிராமில் இருக்கின்றன. ஒடியல் கூழ் மட்டும் பாக்கி. வருகிற ஞாயிறு காய்ச்சுவதாக அம்மா சொல்லியிருக்கிறார். தராசுக்குப் புதுப் பற்றரி போட்டு வைத்திருக்கிறேன்.