அன்றைய கோல்கீப்பர், இன்றைய கோல்கீப்பர்

பீலே தலையால் முட்டிய பந்து கோல் கோட்டுக்கு முன்னால் தரையில் குத்தி எழும்புகிறது. இங்கிலாந்து கோல்கீப்பர் கோர்டன் பேங்க்ஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து பாய்ந்து வந்து, எழும்புகிற பந்தை வலது கையால் கம்பத்துக்கு மேலே தட்டிவிடுகிறார்.

1970 கால்பந்து உலகக் கோப்பை. இன்று காலையில் அண்ணன் மகனுக்கு இந்த வீடியோவைக் காட்டினேன்.

"சூப்பர்தான் சித்தப்பா. ஆனா எடர்சன் மாதிரி காலால பாஸ் போடுவாரா?" என்றான்.

எடர்சன் இன்றைய பிரேசில் கோல்கீப்பர். ஆனால் பேங்க்ஸ் காலத்தில் கீப்பர் அப்படிப் பாஸ் போட வேண்டிய தேவையே இல்லை. தன் அணிக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்ற விதி வந்ததே 1992இல்தான். அதற்கப்புறம்தான் கீப்பருக்குக் கால் வேலை கூடியது, ஜெர்மனியின் மனுவேல் நோயர் மாதிரி பெனால்டி பெட்டியை விட்டு வெளியே ஓடி வந்து ஆடுகிறவர்கள் பெருகினார்கள். அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பழையவர்களை இன்றைய அளவுகோலை வைத்து அளப்பது அநியாயம். 1956இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் பெர்ட் டிராட்மன் மோதலில் கழுத்து முறிந்தும் கடைசி 17 நிமிடம் கோலைக் காத்து நின்றார். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அப்போது கிடையாது. முறிவு தெரிந்ததே சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்த பிறகுதான்.