முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியம்

மூன்று வாரமாக ஒரே ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங், அந்நாட்டின் பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தை எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்காகத் தமிழில் எழுதிவருகிறேன். மற்ற பக்கங்கள் ஓரளவு ஓடிவிட்டன. இது நகர மறுத்தது.

1963 ஏப்ரல். நிறப் பாகுபாட்டை எதிர்த்து அனுமதியில்லாமல் ஊர்வலம் போனார் என்று கைது. வெள்ளைக்கார மதகுருமார் எட்டுப் பேர், போராட்டம் விவேகமற்றது, இது அதற்கான நேரமும் அல்ல என்று அறிக்கை விட்டிருந்தார்கள். செய்தித்தாளின் ஓரங்களிலேயே பதில் எழுதத் தொடங்கினார் கிங். 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்கிறவர்களுக்கு அவர் தந்த பதில்தான் இந்த வாக்கியம். ஆங்கிலத்தில் 300 சொற்களுக்கு மேல். அரைப்புள்ளி போட்டுப் போட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது.

கும்பல் கொன்றுபோட்ட தாய் தகப்பன்மாரில் தொடங்குகிறது. போலீஸ் உதை, வறுமை. பிறகு சட்டென்று ஆறு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி. டிவியில் விளம்பரம் வந்த ஃபன்டவுன் என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போகக் கூடாது என்று கேட்கிறாள். கறுப்பினப் பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள் என்பதைச் சொல்ல வராமல் அப்பாவுக்கு நாக்குக் குழறுகிறது. அவள் கண்ணில் நீர் திரள்கிறது. கொலைகளைப் படித்துக் கடந்துவிட்ட என்னால் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை.

வட்டத்தில் ஒரு நண்பர், "நியாயம் பேச வேண்டிய இடத்தில் எதற்குக் கண்ணீர்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கிங் நியாயமும் பேசுகிறாரே! அநீதியான சட்டம் சட்டமே அல்ல என்று அடுத்தடுத்த பத்திகளில் பழங்காலக் கிறித்தவச் சிந்தனையாளர் புனித அகஸ்டினைத் துணைக்கு அழைக்கிறார். ஊர்வலத்துக்கு அனுமதி கேட்கும் சட்டத்தில் தப்பில்லை, பாகுபாட்டைக் காப்பாற்ற அதைப் பயன்படுத்துவதுதான் தப்பு என்று வக்கீல் மாதிரி பிரித்துவைக்கிறார். ஆனால் 'பொறு' என்றவர்களுக்கு, பொறுக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு குழந்தை என்ன இழக்கிறது என்று காட்டாமல் வேறு எப்படிப் பதில் சொல்வது?

ஒரு விஷயத்தில் தமிழ் கைகொடுத்தது. நமக்கு வினைமுற்று கடைசியில்தான். 'நாக்குக் குழறும்போது', 'எந்த விடுதியிலும் இடம் தராமல் இரவெல்லாம் காரிலேயே படுக்கும்போது' என்று அடுக்கிக்கொண்டே போனால், காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினம் என்பது தானாகவே கடைசியில் வந்து நிற்கிறது. படிக்கிறவரும் அதுவரை பொறுக்க வேண்டும்.

சிக்கியது மரியாதைச் சொல்லில்தான். அன்று எத்தனை வயதானாலும் கறுப்பின ஆணுக்கு 'பாய்', அதாவது பொடியன் என்றுதான் பெயர். மனைவிக்கும் தாய்க்கும் 'மிசஸ்' என்ற அடைமொழி கிடைக்காது. 'திருமதி' போட்டுப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை வாசனை அடித்தது.

எனக்கு எட்டு வயது. தாத்தாவோடு வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். பண்ணையார் வீட்டுப் பையன், என்னைவிடச் சின்னவன், களத்திலிருந்து "டேய், இங்க வாடா" என்றான். நான் அவன் யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அறுபது தாண்டிய தாத்தா என் கையை விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று ராத்திரி 'பொடியன்' என்பதை அடித்துவிட்டு 'டேய்' என்று எழுதினேன். அடுத்த வரியை 'உங்கள் மனைவிக்கும் தாய்க்கும் வாங்க என்ற ஒரு சொல்கூடக் கிடைக்காதபோது' என்று மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை சத்தமாக வாசிக்க வேண்டும். நடுவில் எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறேன்.