குரூப் 4: தேர்வுத் தேதி தெரியாத மாதங்களில் படிப்பு விட்டுப்போகாமல் இருக்க

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) அரசு வேலைக்கு நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிப் பாதியில் விடுபவர்களில் பெரும்பாலோர் பாடம் கடினம் என்று விடுவதில்லை. பத்தாம் வகுப்புத் தரத்தில் ஒரே தேர்வு: 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு எதுவும் கிடையாது. ஆளைச் சோர வைப்பது இடைவெளிதான். 2019 செப்டம்பர் 1-ல் தேர்வு நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24-ல். அதற்குப் பிறகு 2024 ஜூன் 9, 2025 ஜூலை 12. ஒருமுறை ஏறக்குறைய மூன்று வருடம், ஒருமுறை இரண்டு, ஒருமுறை ஒன்று. 2022-ல் அறிவித்த 7,301 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அறிவிப்பு வரட்டும், அப்போது வேகம் பிறக்கும் என்று காத்திருப்பவருக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள புத்தகங்களை ஒருமுறை புரட்டத்தான் நேரம் இருக்கும்.

நேற்றுப் படித்தது இன்று கையில் நிற்கிறது என்று தெரிந்தால் மறுபடி உட்காரத் தோன்றும். எவ்வளவு படித்தோம், எது நினைவில் இருக்கிறது என்பதே தெரியாதபோது புத்தகத்தைத் தொடவே மனம் வராது. அதனால் படித்தது கண்ணுக்குத் தெரியும்படி செய்வதுதான் முதல் வேலை.

மணிக்கணக்கை விட்டுவிடுங்கள். "இன்று ஆறு மணி நேரம் படித்தேன்" என்பதில் போன் பார்த்ததும் சேர்ந்துவிடும். அதற்குப் பதில் எண்ணக்கூடியதை எழுதுங்கள்: எத்தனை இயல், எத்தனை கணக்கு, எத்தனை பழைய வினா. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்துக்கு ஒரு நாள், அதில் நான்கு வரி: தமிழ், பொது அறிவு, கணக்கு, தவறிய கேள்விகள். முப்பது நாள் கழித்துப் பின்னால் திருப்பிப் பார்க்கும்போது 300 கணக்கு போட்டிருப்பது தெரியும். அந்த எண் தரும் தெம்பு எந்த ஊக்க வீடியோவிலும் கிடைக்காது.

முதல் நாளே பதினான்கு மணி நேர அட்டவணை போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நான்காம் நாள் அது உடையும். உடைந்ததும் "என்னால் முடியாது" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வழக்கமான நாளுக்கு: காலையில் ஒன்றரை மணி, இரவில் ஒன்றரை மணி. இன்னொன்று மோசமான நாளுக்கு. காய்ச்சல், கல்யாண வீடு, கடையில் பண்டிகைக் கூட்டம், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என எதுவானாலும் அன்று 10 கணக்கு, 25 பழைய வினா மட்டும். நாற்பது நிமிடத்தில் முடியும். ஜவுளிக்கடையில் இரவு பத்து மணி வரை நிற்பவருக்கு வாரத்தில் நான்கு நாள் இந்தச் சின்ன அளவுதான் வாய்க்கும். அதுவும் படிப்புக் கணக்கில் சேர்ந்ததுதான். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் படிக்க முயலாதீர்கள். பாக்கி மலைபோல் சேர்ந்து, நோட்டைத் திறக்கவே பயம் வரும். விட்டது விட்டதாகவே இருக்கட்டும். அன்றைய அளவை மட்டும் முடியுங்கள்.

மனம் ஒட்டாத நாளில் வரலாற்றைக் கையில் எடுத்தால் இரண்டாம் பக்கத்தில் கண் மட்டும் ஓடும். கணக்கில் தொடங்குங்கள். சுருக்குதல், மீ.சி.ம., தனிவட்டி, விகிதம் என ஐந்து கணக்கு போட்டால் விடை சரியா தவறா என்று அப்போதே தெரிந்துவிடும், மூளையும் விழித்துக்கொள்ளும். 25 கணக்குக் கேள்விக்கு 37.5 மதிப்பெண் இருப்பது கூடுதல் லாபம். கணக்கென்றாலே கை நடுங்குபவர்கள் தமிழில் பொருத்துக, பிரித்தெழுதுக இரண்டில் தொடங்கலாம். எப்படியும் தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

மறதிதான் ஊக்கத்தை அதிகம் அரிப்பது. "போன மாதம் படித்த ஒன்பதாம் வகுப்புப் பாடம் ஒரு வரிகூட நினைவில்லை" என்று சொல்லாத மாணவர் இல்லை. திரும்பிப் பார்க்காத பாடம் எல்லோருக்கும் அப்படித்தான் போகும். ஒரு பாடம் முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை அரைப் பக்கம் எழுதுங்கள். மறுநாள் ஐந்து நிமிடம், ஏழாம் நாள் பத்து நிமிடம், முப்பதாம் நாள் அந்தப் பாடத்தின் பழைய வினாக்கள். இந்தத் தேதிகளைப் பாடத் தலைப்பின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். புதிய பாடத்தின் வேகம் இதனால் குறையும்; குறையட்டும். பத்துப் புத்தகத்தைப் படித்து மறந்தவரைவிட ஆறு புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர் தேர்வறையில் அதிகம் எழுதுவார்.

டெஸ்ட் பேட்சில், அதாவது பயிற்சி மையங்கள் வரிசையாக நடத்தும் மாதிரித் தேர்வுகளில், நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பாடவாரியான தேர்வில் நூற்றுக்கு 80 சரியாக வரும். முழுத் தேர்வுக்கு வந்ததும் 200-க்கு 115 என்று இறங்கும். பலர் இங்கேதான் தேர்வு எழுதுவதை நிறுத்தி "இன்னும் நல்லாப் படிச்சிட்டு எழுதுறேன்" என்கிறார்கள். இறக்கத்துக்குக் காரணம் எளிது: எல்லாப் பாடமும் கலந்து வருகிறது, ஒரு கேள்விக்கு 54 நொடிதான், ஓ.எம்.ஆர். விடைத்தாளில் விடைக்குரிய வட்டத்தைக் கருப்பாக்கவும் நேரம் போகிறது. விடை தெரியாத கேள்விக்கு ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்கும் வேலையும் இருக்கிறது. மதிப்பெண்ணைப் பார்த்து நொந்துகொள்ளும் நேரத்தில் தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: படிக்காதது, படித்து மறந்தது, கேள்வியைத் தவறாகப் படித்தது. "பொருந்தாததைத் தேர்ந்தெடு" என்பதில் பொருந்துவதைக் குறித்தது, கூற்று–காரணத்தில் "சரியான விளக்கமல்ல" என்பதைக் கவனிக்காதது எல்லாம் மூன்றாவது வகை. 85 தவறில் மூன்றாவது வகை எத்தனை என்று எண்ணுங்கள். புதிதாக ஒரு வரி படிக்காமலே மீட்கக்கூடிய மதிப்பெண் அது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த தேர்வை எழுதத் தயங்குவதில்லை.

பி.டி.எஃப். சேர்ப்பதும் கட் ஆஃப் கணிப்பு வீடியோ பார்ப்பதும் படிப்பதுபோலவே தோன்றும். ஆனால் நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது. பள்ளிப் புத்தகம், பழைய வினாத்தாள், மாதத்துக்கு ஒரு நடப்பு நிகழ்வுத் தொகுப்பு, இவை போதும். டெலிகிராம் குரூப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றதில் இருந்து வெளியே வாருங்கள்.

வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேட்பது வலிக்கும். கேட்பவர்களுக்குத் தேர்வு எப்படி நடக்கிறது என்பது தெரியாது. தேர்வு நடந்த அந்த நான்கு தேதிகளையும் எழுதிக் காட்டி, எத்தனை முயற்சி வரை முழு நேரமாகப் படிப்பது, அதன்பின் எந்த வேலையோடு சேர்த்துப் படிப்பது என்று அவர்களோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். எல்லை தெரிந்தால் இருபக்கமும் பதற்றம் குறையும். தனியாகப் படிக்க வீட்டில் இடமில்லை என்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்தும் இலவச வகுப்புகள் இருக்கின்றன, கிளை நூலகம் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. ஒரே நேரத்தில் வந்து உட்காரும் இரண்டு பேர் பழக்கமானாலே போதும். நாம் வராத நாளில் கேட்க ஆள் இருக்கும்.

தேர்வு எழுதிய பிறகு வரும் காலத்தையும் இப்போதே திட்டமிடுங்கள். 2022 ஜூலைத் தேர்வின் முடிவு 2023 மார்ச்சில்தான் வந்தது. விடைக்குறிப்பைச் சரிபார்த்து ஒரு வாரம் ஓய்வெடுங்கள். அதன்பின் தட்டச்சு தெரியாதவர்கள் பக்கத்துப் பயிலகத்தில் தினம் ஒரு மணி நேரம் சேர்ந்துவிடலாம். தட்டச்சர் பணியிடமும் குரூப் 4-ல்தான் வருகிறது, அதற்கு அரசுத் தட்டச்சுத் தேர்ச்சி வேண்டும். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. தமிழில் இளநிலையை முதலில் முடியுங்கள். விரல் பழகியபின் ஆங்கிலம் எடுக்கலாம்.