சோளகத்தில் புகை திரும்பினால்: அடுப்பையும் புகைக்கூட்டையும் மாற்றிக் கட்டுதல்

2022இல் இலங்கையில் காஸ் சிலிண்டருக்கு வரிசை நீண்ட மாதங்களில், வன்னியில் சாமான் அடுக்கி வைத்திருந்த அடுப்படிகள் பலவற்றில் மறுபடி விறகு எரிந்தது. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பியதும் முறைப்பாடும் எழும்பியது: புகை மேலே போகாமல் அடுப்பு வாயால் குசினிக்குள் வருகிறது. உடனே சொல்லப்படும் வைத்தியம், புகைக்கூட்டை இரண்டு அடி உயர்த்துவது. பல வீடுகளில் அது வீண்செலவு. கோளாறு கூடு நிற்கிற இடத்தில் இருக்கிறது.

முதலில் சோதித்துப் பாருங்கள். காற்றில்லாத விடியலில், புகையும் பன்னாடை ஒன்றை அடுப்பு வாயில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் பாதை நல்லது, காற்றடிக்கும்போது மட்டுந்தான் பிரச்சினை. அப்போதும் வெளியே வந்தால் கரி அடைத்திருக்கும், அல்லது பாதையில் படுக்கையான ஓட்டம் கூடிவிட்டது.

தாவாரத்தோடு ஒட்டி நிற்கும் கூட்டில்தான் புகை அதிகம் திரும்பும். முகட்டைத் தாண்டும் காற்று மறுபக்கம் கீழ்நோக்கிச் சுழன்று கூட்டின் வாய்க்குள் அமுக்குகிறது. கூடு முகட்டிலிருந்து 10 அடிக்குள் இருந்தால், அதன் வாய் முகட்டை விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். தள்ளி இருந்தால், 10 அடிக்குள் இருக்கும் கூரை, சுவர் எதையும் விட 2 அடி உயரம் வேண்டும். ஆகவே மாற்றிக் கட்டும்போது கூட்டை முகட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்து நேராக மேலே விடுவதே மேல். திருப்பித்தான் ஆக வேண்டுமென்றால் 45 பாகையில் சரித்துத் திருப்புங்கள். 90 பாகை முழங்கையில் கரி தங்கும், இழுவை சாகும்.

கூரைக்குள்ளால் போகும் இடந்தான் ஆபத்தானது. ஒற்றைத் தகரக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையில் 18 அங்குலம் வேண்டும். கைமரங்களுக்கு இடையில் அவ்வளவு வெளி கிடைக்காது. அதனால் செங்கல் கூடே நல்லது: உள்ளளவு 6க்கு 6 அங்குலம், சுவர் 4 அங்குலம். மரத்துக்கும் கல்லுக்கும் இடையில் 2 அங்குலம் வெறுமையாக விடுங்கள், எதையும் திணிக்க வேண்டாம். கூட்டின் பாரத்தை அடுப்பு மேடையில் ஏற்றாமல் தனி அத்திவாரம் போடுங்கள். கிடுகுக் கூரைக்குள்ளால் கூடு விடவே கூடாது. அஸ்பெஸ்டஸ் குழாய் சூட்டில் வெடிக்கும், பிவிசி உருகும்.

ஓட்டுக் கூரையில் கூட்டைச் சுற்றித் தகரப் பட்டி வேண்டும். மேற்பக்கத் தகடு மேல் ஓட்டின் அடியில் நுழைய வேண்டும், கீழ்ப்பக்கத் தகடு கீழ் ஓட்டின் மேல் படிய வேண்டும். கல்லோடு சேரும் விளிம்பைச் சாந்துப் பொருத்துக்குள் ஒரு அங்குலம் செருகுங்கள். மேற்பக்கத்தை ஓட்டின் மேலே வைத்துவிட்டுப் பூசினால், மாரியில் கூட்டோரமாக ஒழுகிக் கொண்டேயிருக்கும்.

இனி அடுப்பு. நெருப்புப் படும் இடத்தில் சீமெந்து பூசவே கூடாது. 400 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதிலுள்ள சுண்ணாம்பு நீரை இழக்கும். பிறகு மாரியின் ஈரம் பட்டதும் ஊதி உதிரும். புற்றுமண் 3 பங்கு, மணல் 1 பங்கு, உமி 1 பங்கு என்று தொடங்கி, இரண்டு நாள் ஊறவைத்து மிதியுங்கள். விரல் தடிப்பில் உருட்டி நிழலில் காயவிடுங்கள்: வெடித்தால் மணல் கூட்டுங்கள், உதிர்ந்தால் மண் கூட்டுங்கள். குளத்துக் களி மட்டும் போட்டால் சுருங்கிப் பிளக்கும். கூட்டின் செங்கல்லையும் கூரை வரைக்கும் இந்த மண்ணையே சாந்தாக வைத்துக் கட்டலாம். கூரைக்கு மேலே மழை படுவதால் சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற பங்கில் சாந்து.

பானைக் குழிகளை வீட்டிலுள்ள சோத்துப்பானையையும் கறிச்சட்டியையும் வைத்தே எடுங்கள். பானை இறுக அமராவிட்டால் அந்த இடுக்கால் குளிர்காற்று உள்ளே போய்க் கூட்டின் இழுவையைக் கெடுக்கும். முதற்குழியிலிருந்து இரண்டாம் குழிக்குப் போகும் பாதை மேல்நோக்கிச் சரிய வேண்டும். இரண்டாம் குழிக்குள் மண்ணால் ஒரு மேடு விட்டால் சுவாலை சட்டியின் அடியைத் தொட்டுப் போகும். மேடில்லாவிட்டால் சூடு நேரே கூட்டுக்குள் ஓடிவிடும், விறகு வீண். கூட்டின் அடியில் ஒரு கல்லை மண் பூசி மட்டும் அடையுங்கள். கரி வாரும்போது அதைத்தான் கழற்ற வேண்டும். மாரிக்கு முன் ஒருதரம் கயிற்றில் தும்புக்கட்டைக் கட்டி மேலிருந்து இழுத்து விடுங்கள். கூட்டின் மூடிக்கும் வாய்க்கும் இடையில் 6 அங்குலமாவது வெளி இருக்கட்டும்.

மண் வேலை காய இரண்டு மூன்று கிழமை செல்லும். முதல் நெருப்பு தேங்காய்ப் பொச்சு மட்டையில் சின்னதாக, அரை மணித்தியாலம். அடுத்த நாள் கொஞ்சம் கூட்டலாம். பாலை, வீரை போன்ற வைரமான விறகை முதல் நாளே அடுக்கினால் உள்ளே நின்ற ஈரம் ஆவியாகி மேடையைப் பிளக்கும். மயிர்க்கோடு போல வெடிப்பு வந்தால் ஆறவிட்டு, தண்ணீர் தெளித்து, அதே மண்ணை அரித்துக் குழைத்து விரலால் அழுத்திப் பூசுங்கள்.