சாக்கை இறக்காமல் குடோனை மாற்றிய கதை

"ஒரு சாக்கை எத்தனை தடவை இறக்கி ஏத்துறமோ, அத்தனை தடவை எடை குறையும் தம்பி" என்றார் முதலாளி. பேச்சு சர்வரைப் பற்றியது. புது சர்வர் ஒன்று வாங்கி, அதில் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டு, டேட்டாவை அங்கே கொண்டுபோய்விடலாம் என்று நான் சொல்லியிருந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சரக்கு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், குடோனை மட்டும் புதுசாக்கு என்பது அவர் கணக்கு. டேட்டாபேஸ் பார்க்கும் எங்கள் தொழிலில் இதற்கு இன்-ப்ளேஸ் அப்கிரேட் என்று பெயர். தெரிந்தவர்கள் பெரும்பாலும் இதைத் தவிர்க்கத்தான் சொல்வார்கள். நானும் சொன்னேன். எடுபடவில்லை.

இது 2022 ஆகஸ்ட் கடைசியில். போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் வியாபார நிறுவனம். சரக்கு வருவதெல்லாம் மேலே கேரளத்திலிருந்து: சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இடுக்கி மாவட்டப் புத்தடியில் ஒன்று, போடியில் ஒன்று. முன்பணம் மலை ஏறும், ஏலக்காய் மலை இறங்கும். இடையில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதைப் பல வருஷமாக நினைவில் வைத்திருந்தது மாடிப்படிக்குக் கீழே, பழைய பீரோவுக்குப் பக்கத்தில் நின்ற அந்த ஒரே சர்வர்தான்.

அதோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது 2019-ல். அந்த வருஷம் ஏலக்காய் விலை கண்மண் தெரியாமல் ஏறி, ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. விலை ஏற ஏற பில் போடும் மென்பொருள் சில லாட்டுகளுக்கு மட்டும் பிழை காட்டி நின்றுகொண்டது. போய்ப் பார்த்தால், தொகை எழுதும் பத்தியை யாரோ 'ஸ்மால்மணி' வகையில் வைத்திருந்தார்கள். அது கொள்ளும் அதிகபட்சத் தொகை 2,14,748 ரூபாய் சொச்சம். கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்ற காலத்தில் எழுதியவர் ஒரு லாட் இதைத் தாண்டும் என்று நினைத்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மென்பொருளை எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை, மூல நிரலும் இல்லை. விபி6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதி, அப்படியே ஓடுகிற ஈஎக்ஸ்ஈ கோப்பு ஒன்று மட்டும், பதினோரு கணினிகளில். சர்வர் பெயர் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

புது சர்வர் வேண்டாம் என்ற முதலாளியின் பிடிவாதத்தில் ஒரு நியாயம் இருந்தது என்று இந்தக் கடைசி வரியை யோசிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இருக்கிற இடத்திலேயே அப்கிரேட் செய்தால் மென்பொருள் சர்வரைக் கூப்பிடும் இன்ஸ்டன்ஸ் பெயர், லாகின்கள், இரவில் தானாக ஓடும் ஜாப்கள் எல்லாம் அப்படியே இருக்கும். பதினோரு கணினிகளில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை.

சரி, ஓடிக்கொண்டிருந்ததை ஏன் மாற்ற வேண்டும்? 2022 அக்டோபர் 1 முதல், 10 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஈ-இன்வாய்ஸ், அதாவது பில்லை ஜிஎஸ்டி தளத்தில் மின்னணு முறையில் பதிவது, கட்டாயம் என்று ஆனது. பில் விவரத்தை ஜேசன் என்ற தரவு வடிவில் அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு துணை மென்பொருள் விலைக்கு வாங்கினார்கள். அது ஜேசனை எழுதுவதையும் படிப்பதையும் டேட்டாபேஸுக்குள்ளேயே செய்தது. அந்த வசதி எஸ்க்யூஎல் சர்வர் 2016-லிருந்துதான் உண்டு. இங்கே இருந்ததோ 2008 ஆர்2. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2019 ஜூலை 9-ம் தேதியே முடித்துவிட்டது.

இன்-ப்ளேஸ் அப்கிரேடில் உண்மையான பயம், திரும்பி வர வழி கிடையாது என்பது. டேட்டாபேஸ் கோப்பின் உள் அமைப்புக்கு என்று ஒரு எண் உண்டு. புதிய பதிப்பு அந்தக் கோப்பைத் திறந்ததும் படிப்படியாக அந்த எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். ஏறியதை இறக்க முடியாது. 2016-ல் எடுத்த பேக்கப்பை 2008 ஆர்2-வில் ரீஸ்டோர் செய்ய முடியாது. கெட்டுப்போனால் எல்லாவற்றையும் துடைத்து, பழைய பதிப்பை மறுபடி நிறுவி, பழைய பேக்கப்பைப் போட வேண்டும். நடுவில் போட்ட பில்கள் போனது போனதுதான்.

அதனால் ஒத்திகை பார்த்தேன். டிஸ்க்2விஎச்டி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது; ஓடுகிற சர்வரை அப்படியே ஒரு மெய்நிகர் வட்டாகப் படியெடுத்துவிடும். அதை என் மடிக்கணினியில், ஹைப்பர்-வி என்ற மென்பொருளில், ஒரு மெய்நிகர் கணினியாக ஓட்டினேன். முதல் நாள் அப்கிரேட் தொடங்கவே இல்லை. 2008 ஆர்2-க்கு சர்வீஸ் பேக் 3 என்ற திருத்தத் தொகுப்பு இருந்தால்தான் 2016 ஏற்கும். இங்கே சர்வீஸ் பேக் 2. அதைப் போட்டால், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு கேபி2919355 என்ற அப்டேட் இல்லை என்று அடுத்த தடை. இதையெல்லாம் நிஜ சர்வரில், நடுராத்திரியில், போடியின் நெட் வேகத்தில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என் கதி என்ன!

அப்கிரேடுக்கு முன் பழைய டேட்டாபேஸ் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்தேன். செக்டிபி கட்டளையில் டேட்டா ப்யூரிட்டி என்று ஒரு சோதனை உண்டு. 2000 பதிப்பில் பிறந்த டேட்டாபேஸ்களுக்கு நாமாகக் கேட்டால் ஒழிய அது நடக்காது. இதற்கு இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை. கேட்டதும் ஏழு வரிகளில் 2570 என்ற பிழை எண். தேதிப் பத்தியில் தேதியாகவே படிக்க முடியாத ஏதோ ஒன்று. இந்தப் பிழையை ரிப்பேர் கட்டளை சரிசெய்யாது, சரியான மதிப்பை மனிதன்தான் எழுத வேண்டும். கணக்குப் பார்க்கும் அண்ணனிடம் ஏழு பில் எண்களையும் கொடுத்தேன். மறுநாள் காலையில் 2003-ம் வருஷப் பேரேட்டோடு வந்தார். சிவப்புத் துணி அட்டை, உள்ளே பாதிப் பக்கம் பூச்சி அரித்தது. ஏழில் ஆறு கிடைத்தன. ஏழாவதுக்கு, "அது பங்குனி மாசம், கோயில் பொங்கலுக்கு முன்னாடி" என்றார். ஏப்ரல் 1 என்று எழுதினோம்.

அடுத்துத்தான் பெரிய தலைவலி. பழைய டேட்டாபேஸின் காம்பேட்டிபிலிட்டி லெவல் 80, அதாவது 2000 பதிப்பின் நடத்தை. 2008 ஆர்2 அதைப் பொறுத்துக்கொண்டது. 2016-ல் குறைந்தபட்சமே 100. 80-க்கும் 100-க்கும் நடுவில் செத்துப்போன ஒரு குறி இருக்கிறது: நட்சத்திரமும் சமக்குறியும் சேர்ந்த *=. இரண்டு பட்டியல்களைச் சேர்க்கும்போது, வலது பக்கம் பொருந்துவது இல்லாவிட்டாலும் இடது பக்கத்து வரியை விடாதே என்பது அதன் பொருள். இந்த வியாபாரத்தில் அது எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். முன்பணம் வாங்கிய தோட்டக்காரர் பட்டியல் ஒரு பக்கம், இந்த வாரம் வந்த சரக்கு இன்னொரு பக்கம். சரக்கு அனுப்பாதவர் பெயரும் பட்டியலில் வந்தாக வேண்டும். சொல்லப்போனால் அவர் பெயர்தான் முக்கியம்.

டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைக்கும் சின்ன நிரல்களான ஸ்டோர்டு ப்ரொசீஜர்களில் இருந்த *= எல்லாம் சோதனைக் கருவியே காட்டிக்கொடுத்தது. அவற்றை மாற்றுவது அரை நாள் வேலை. ஈஎக்ஸ்ஈ-க்குள் இருப்பவற்றை எந்தக் கருவியும் காட்டாது. ஏலம் நடந்த ஒரு நாள் முழுக்க ப்ரொஃபைலரை ஓடவிட்டுச் சர்வருக்கு வருகிற ஒவ்வொரு கேள்வியையும் பதிவு செய்தேன். நான்கு இடங்களில் *= இருந்தது. மூல நிரல் இல்லை. என்ன செய்வது?

பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த ஈஎக்ஸ்ஈ-யை, கோப்பைப் பைட் பைட்டாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். விபி6 தன் வாசகங்களை எழுத்துக்கு இரண்டு பைட்டாக உள்ளே வைத்திருக்கும், தேடினால் கிடைக்கும். அந்த நான்கு கேள்விகளின் மேலேயே, ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜரைக் கூப்பிடும் சின்ன வரியை எழுதி, மிச்ச இடத்தை வெற்றிடத்தால் நிரப்பினேன். நீளம் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. பதினோரு கணினிகளைத் தொட வேண்டாம் என்று இன்-ப்ளேஸை ஒப்புக்கொண்டவன், கடைசியில் பதினோரு கணினிகளிலும் புது ஈஎக்ஸ்ஈ-யைப் போட்டேன். முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை.

இன்னொரு முடிவும் ஒத்திகையில் எடுத்தது. ஜேசனைப் படிக்கும் கட்டளைக்கு லெவல் 130 வேண்டும். பழைய டேட்டாபேஸை 130-க்கு ஏற்றிப் பார்த்தால், பாக்கிப் பட்டியல் ரிப்போர்ட் பத்து நொடியிலிருந்து நான்கு நிமிஷத்துக்குப் போனது. 120-லிருந்து கேள்விகளை எப்படி ஓட்டுவது என்று கணிக்கும் முறையே வேறு. அதனால் பழையதை 100-லேயே நிறுத்தி, ஈ-இன்வாய்ஸுக்கு மட்டும் 130-ல் ஒரு சின்ன டேட்டாபேஸைத் தனியாக வைத்தேன். பெரிய வீட்டை இடிக்காமல் பக்கத்தில் ஒரு திண்ணை கட்டின மாதிரி.

செப்டம்பரில், மறுநாள் ஏலம் இல்லாத ஒரு ராத்திரி ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். இரண்டு பேக்கப், இரண்டு வேறு வட்டுகளில். இரண்டையும் வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து பார்த்த பிறகுதான் அப்கிரேட் பட்டனை அழுத்தினேன். அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒத்திகையில் நடந்தது அப்படியே நடந்தது. பத்தரைக்கு எல்லாம் முடிந்து, கணக்கு அண்ணன் வாங்கி வைத்திருந்த பரோட்டா ஆறிப்போவதற்குள் சாப்பிட்டோம். முன்பே எழுதி வைத்திருந்த மொத்தத் தொகைகளையும் வரி எண்ணிக்கைகளையும் ஒப்பிட்டார். ஒரு பைசா வித்தியாசமில்லை. "எடை சரியா இருக்கு" என்றார்.

காலையில் எட்டு மணிக்குப் போன். பில் போடும் பெண் மேலே பூப்பாறைக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். "சாரே, பேரெல்லாம் போச்சு. எல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கு." வயிறு கலங்கிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், துணை மென்பொருள் நிறுவனத்தின் பையன் ஒருவன் டேட்டாபேஸை நேராகத் திறந்து பார்க்கும் புது மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் தோட்டக்காரர் பட்டியலைத் திறந்து காட்டியிருக்கிறான். தமிழ்ப் பெயர்கள் பழைய எழுத்துரு முறையில், ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் எப்போதும் உள்ளே இருந்தன. அதற்கான எழுத்துருவோடு பழைய மென்பொருளில் பார்த்தால் தமிழ், மற்ற எங்கே பார்த்தாலும் குப்பை. அந்தப் பெண் அவற்றை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். பழைய திரையைத் திறந்து காட்டினேன். "அப்போ இத்தனை நாளும் உள்ளே இப்படியா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் ஒன்றாம் தேதி ஈ-இன்வாய்ஸ் ஓடியது. எனக்குப் பணமும் வந்தது. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் நடுவில் ஒரு சாயங்காலம் இடி, மழை, கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது, யாருக்கும் தெரியவில்லை. சர்வர் பொத்தென்று அணைந்தது. கரண்ட் வந்ததும் தானாக எழுந்தது, டேட்டாவும் பத்திரம். மறுநாள் முதல் பில்லின் எண்ணைப் பார்த்த கணக்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். முந்தின நாள் கடைசி பில் இரண்டாயிரத்துச் சொச்சம். இன்றைக்கு முதல் பில் மூவாயிரத்துச் சொச்சம். "நடுவுல ஆயிரம் பில்லு எங்கப்பா?"

எங்கேயும் இல்லை. பில் எண்ணைத் தருவது ஐடென்டிட்டி என்ற தானியங்கிப் பத்தி. 2012 பதிப்பிலிருந்து எஸ்க்யூஎல் சர்வர் வேகத்துக்காக எண்களை ஆயிரம் ஆயிரமாக முன்கூட்டியே எடுத்து நினைவில் வைத்துக்கொள்ளும். முறையாக நிறுத்தினால் மிச்சத்தைத் திருப்பி வைத்துவிடும். திடீரென்று அணைந்தால் மிச்சம் போச்சு, அடுத்த கட்டிலிருந்து தொடங்கும். 2008 ஆர்2 இப்படிச் செய்யாது. மென்பொருள்காரர்கள் கேட்டால், ஐடென்டிட்டி எண் இடைவெளி இல்லாமல் வரும் என்று நாங்கள் எப்போது சொன்னோம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஜிஎஸ்டி விதி 46, பில் எண் தொடர்ச்சியாக வர வேண்டும் என்கிறது. விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் 13-வது அட்டவணை, எந்த எண் முதல் எந்த எண் வரை பில் போட்டாய், எத்தனை ரத்து என்று கேட்கிறது. ஆயிரம் பில்லை ஒளித்துவிட்டான் என்று நினைக்க அதுவே போதும்.

ஒத்திகையில் நான் எல்லாவற்றையும் செய்து பார்த்திருந்தேன். மெய்நிகர் கணினியை நாற்பது தடவையாவது நிறுத்தி ஏற்றியிருப்பேன், எல்லாம் முறையாக. ஒரு தடவைகூட ஒயரைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. இருபது வருஷமாக மழைக்காலம் தவறாமல் கரண்ட் போகிற ஊரில் இருந்துகொண்டு!

தீர்வு சின்னது. சர்வர் தொடங்கும்போதே ட்ரேஸ் ஃபிளாக் 272 என்ற அமைப்பைச் சேர்த்தால் அந்த முன்கூட்டி எடுக்கும் பழக்கம் நின்றுவிடும். சேர்த்தேன். பேட்டரி மாற்றச் சொன்னேன். இந்த முறை நிஜ சர்வரையே, எல்லோரும் பார்க்க, ஒரு ஏலமில்லாத நாளில் ஒயரைப் பிடுங்கி ஏற்றிக் காட்டினேன். எண் அடுத்ததாகவே வந்தது. முதலாளி மட்டும், "எடை குறையாதுன்னு சொன்னே, நம்பர் கூடிப்போச்சே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

கணக்கு அண்ணன் பில் பதிவேட்டில் அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, இந்த எண் முதல் இந்த எண் வரை எழுதப்படவில்லை, மின்தடை, தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, என்னையும் போடச் சொன்னார். போட்டேன். இப்போதும் போடியில் கரண்ட் போய் வந்தால் எனக்குப் போன் வரும். வேறொன்றும் பேச மாட்டார். கடைசி பில் எண்ணையும் அடுத்த பில் எண்ணையும் படித்துவிட்டு வைத்துவிடுவார்.