மூன்றாவது முறையில் டி அண்ட் டி கிளியர்: கேபிள் யூனிட்டில் நான் செய்த தப்பு

முந்தாநாள் சாயங்காலம் ரிசல்ட் வந்தது. டி அண்ட் டி (டிரான்ஸ்மிஷன் அண்ட் டிஸ்ட்ரிபியூஷன், அதாவது மின்சாரத்தைக் கொண்டுபோய்ப் பகிர்வது பற்றிய பாடம்) பேப்பருக்கு நேரே பாஸ் என்று பார்த்ததும் நம்பிக்கை வராமல் அம்மாவிடம் போனைக் கொடுத்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். இந்த ஒரு அரியரால் டிகிரி சர்டிபிகேட் கைக்கு வராமல் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்துவிட்டது. ஏப்ரல்-மேயில் எழுதப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

லைன் பாராமீட்டர், பெர்ஃபார்மன்ஸ், ஸாக் (கம்பியின் தொய்வு) எல்லாம் பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்தாலே வந்துவிடும். நான் இரண்டு முறையும் விழுந்தது கேபிள் யூனிட்டில்தான். அதிலும் ஒரே இடத்தில்: √3.

கணக்கு இப்படி வரும். மூன்று ஃபேஸ் 33 கேவி லைனுக்கு சிங்கிள் கோர் (ஒரே கண்டக்டர் உள்ள) கேபிள், கண்டக்டர் விட்டம் 2 செமீ, ஷீத்தின் (வெளி உலோக உறையின்) உள்விட்டம் 5 செமீ, இன்சுலேஷனில் அதிகபட்ச ஸ்ட்ரெஸ் (செமீக்கு எத்தனை கேவி) எவ்வளவு? பீக் மதிப்புக்காக நான் 33-ஐ அப்படியே √2 ஆல் பெருக்கிப் போட்டேன். செமீக்கு 50.9 கேவி வந்தது. 33 என்பது இரண்டு ஃபேஸுக்கு நடுவே உள்ள வோல்டேஜ், அதை முதலில் √3 ஆல் வகுத்திருக்க வேண்டும். சரியான விடை 29.4. ஒரு வோல்டேஜ் தப்பினால் குறைந்தபட்ச ஸ்ட்ரெஸ் தப்பும், அடுத்து வரும் சார்ஜிங் கரண்டும் (கேபிள் ஒரு கெபாசிட்டர் போல இழுக்கும் கரண்ட்) தப்பும். ஃபார்முலா எனக்கு மனப்பாடம். இன்சுலேஷனின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். மேலே போகும் கம்பிகளுக்குப் பதில் தரைக்கடியில் 11 கேவி கேபிள் போடும் வேலை. ஒரு மீட்டருக்குப் பள்ளம், அடியில் மணல், மேலே மணல், அதற்கு மேல் செங்கல், எச்சரிக்கை டேப். டிரம் வந்து இறங்கும்போதெல்லாம் கேபிள் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவது என் பொறுப்பு. மாதக்கணக்கில் '11 கேவி, 3 × 300' (300 சதுர மிமீ கோர் மூன்று) என்று மட்டும் எழுதி வந்தேன்.

ஒரு ராத்திரி ஜாயிண்ட் போடும்போது ஜாயிண்டர் அண்ணன் வெட்டிப்போட்ட துண்டைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். "தம்பி, முழுசாப் படி" என்றார். அதில் இருந்தது 6.35/11 கேவி. 11-ஐ √3 ஆல் வகுத்தால் 6.35, அதாவது ஒரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே உள்ள வோல்டேஜ். எத்தனை தடவை என் கண்ணில் பட்டிருக்கும்!

அவர் விளக்கைக் கிட்டே வைத்து ஒரு கோரை உரித்துக் காட்டினார். வெளியே செம்புப் பட்டை, அடியில் கருப்பு செமிகான் (ஓரளவு மின்சாரம் கடத்தும் படலம்), அதற்கடியில் பால் நிறத்தில் எக்ஸ்எல்பிஈ (பிளாஸ்டிக் இன்சுலேஷன்), மறுபடி ஒரு மெல்லிய கருப்பு, நடுவில் அலுமினியம். "இந்தச் செம்பு எர்த்துல இருக்கு. அலுமினியத்துக்கும் இதுக்கும் நடுவுல எவ்வளவு வோல்டேஜோ அதைத்தான் இந்த வெள்ளை தாங்கணும்" என்றார். 3.6 மிமீ கனம், அவ்வளவுதான். எர்த் செய்யாத சிஸ்டத்துக்கான கேபிளில் 11/11 என்று போட்டிருக்கும். அங்கே ஒரு ஃபேஸ் தரையைத் தொட்டுவிட்டால் மற்ற இரண்டு ஃபேஸிலும் எர்த்துக்கு முழு 11 கேவி வந்து நிற்கும், அதனால் கனம் 5.5 மிமீ. இந்த ஒரு வித்தியாசம் புரிந்த பிறகு எனக்கு √3 மறக்கவே இல்லை.

மழைக்காலம் நெருங்கியதும் ரோடு வெட்ட அனுமதி நின்று வேலை குறைந்தது. அந்த இடைவெளியில்தான் படித்தேன். தினமும் கேபிள் யூனிட் மட்டும் இரண்டு மணி நேரம், எழுதி எழுதி. படித்து மட்டும் பார்த்தால் எனக்கு ஏறாது. கேட்டே புரிந்துகொள்கிறவர்களுக்கு வேறு வழி சரிப்படலாம்.

இதையெல்லாம் விடாதீர்கள்:

- கணக்கைத் தொடும் முன் குறுக்குவெட்டுப் படம். எது எர்த் என்று குறித்துவிட்டு, பிறகுதான் வோல்டேஜ். ஸ்ட்ரெஸுக்குப் பீக் மதிப்பு.
- நீளம் கூடினால் கண்டக்டர் ரெசிஸ்டன்ஸ் கூடும், இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் குறையும். 1 கிமீக்கு 500 மெகாஓம் என்றால் 2 கிமீக்கு 250.
- மூன்று கோர் கேபிளின் கெபாசிட்டன்ஸ்: மூன்று கோரையும் சேர்த்து ஷீத்துக்கு அளந்தால் வருவது ஒரு கோருக்கும் ஷீத்துக்கும் உள்ளதைப் போல் மூன்று மடங்கு. இரண்டு கோருக்கு நடுவே, மூன்றாவதைச் சும்மா விட்டு அளந்தால் நியூட்ரலுக்கான (ஒரு ஃபேஸுக்குக் கணக்கிடும்) கெபாசிட்டன்ஸில் பாதி. அந்த அளவு 0.36 மைக்ரோஃபாரட் என்றால் நியூட்ரலுக்கு 0.72. 11 கேவி, 50 ஹெர்ட்ஸில் சார்ஜிங் கரண்ட் 1.44 ஆம்பியர். இங்கேயும் 6.35 தான்.
- சிங்கிள் கோர் ஏசி கேபிளுக்கு இரும்பு ஆர்மர் (பாதுகாப்புக் கவசம்) ஏன் ஆகாது? டூ மார்க். காந்தப்புலத்தால் இரும்பு சூடாகும், அதனால் அலுமினியம்.
- ஹீட்டிங் கேள்விக்கு கண்டக்டர், டைஎலக்ட்ரிக் (இன்சுலேஷன்), ஷீத் என்று மூன்று இழப்பையும் எழுதிவிட்டு, மண்ணையும் சேருங்கள். காய்ந்த மண் சூட்டை வெளியே விடாது. எக்ஸ்எல்பிஈ-க்கு 90 டிகிரிதான் எல்லை, ஆகவே கரண்டைக் குறைக்க வேண்டியிருக்கும்.

சைட்டில் வேலை செய்துகொண்டே எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்று நாம் போடும் 11 கேவி கேபிளில் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகச் செம்புப் பட்டை இருப்பதால் கோருக்குக் கோர் கெபாசிட்டன்ஸே கிடையாது. பாடப்புத்தகக் கணக்கில் வருவது பழைய பெல்டட் கேபிள், அதாவது மூன்று கோருக்கும் தனிச் செம்புப் பட்டை இல்லாமல் பொதுவாக ஒரே ஷீத் உள்ளது. நான் சைட்டில் பார்த்ததை நம்பி மாடல் தேர்வில் அதைப் பூஜ்ஜியம் என்று எழுதி முழு மார்க்கையும் விட்டேன். கேள்வியில் பெல்டட் என்று இருக்கிறதா பாருங்கள்.

முடிந்தால் பக்கத்தில் கேபிள் வேலை நடக்கும் இடத்தில் ஒரு சாண் வெட்டுத்துண்டு கேட்டு வாங்குங்கள். ஆனால் ஜாயிண்டர் செமிகானைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது போய் நிற்காதீர்கள். அந்த நேரம் கத்தி பட்டு வெள்ளையில் ஒரு கீறல் விழுந்தால் ஸ்ட்ரெஸ் அங்கேயே குவியும், ஜாயிண்ட் பின்னால் வெடிக்கும். கிட் மூடி, அவர் கை கழுவி, டீ குடிக்கும்போது கேளுங்கள். கண்டிப்பாகக் கொடுப்பார்.