மற்றவன் எங்க?

"நிப்பாட்டாத, போ" எண்டு படத்தில மைக்கல் டாக்ஸிக்காரனுக்குச் சொல்ல, எனக்குப் பக்கத்தில இருந்து பாத்த மச்சான் "சரியாத்தான் செய்யிறான்" எண்டான்.

நேற்றிரவு கொக்குவிலில, மச்சான்ர வீட்டு விறாந்தையில 'தி டியர் ஹன்டர்' ஓடிக்கொண்டிருந்தது. 1978இல வந்த படம். இரும்பாலையில ஒண்டா வேலைசெய்த சிநேகிதர் மூண்டுபேர் வியட்நாமுக்குப் போகினம்.

மைக்கல் ஊருக்குத் திரும்பி வாறான். வீட்டில பதாகை கட்டி, சனம் கூடி, எல்லாம் ரெடி. மைக்கலா நடிச்ச டி நீரோ டாக்ஸியிலயே வீட்டைத் தாண்டிப் போய் மோட்டலில அறை எடுத்துத் தனியக் கிடக்கிறார். விளக்கம் ஒண்டுமில்லை.

எல்லாரும் கதைக்கிறது, கைதிகளைத் தங்கட தலையில தாங்களே சுடவைக்கிற அந்தத் துப்பாக்கிச் சூதாட்டத்தைத்தான். அப்பிடி நடந்ததுக்கு ஆதாரம் எங்கயெண்டு அப்பவே சண்டை. வியட்நாம்காரரைக் காட்டின விதமும் எனக்குப் பிடிக்கேல்லை. எனக்கு அந்த டாக்ஸிதான் படம்.

போர்போல பயங்கரங்களுக்குப் பிறகு வாற இந்த மனவடுவை (PTSD) அமெரிக்க உளமருத்துவர்கள் ஒரு நோயெண்டு பட்டியலில சேர்த்ததே 1980இலதான்.

எங்கட யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத் தனியாளின்ர காயமா மட்டும் பாக்கேல்லை. குடும்பம், ஊர் எல்லாத்துக்கும் பட்ட காயமெண்டு எழுதினவர்.

மச்சான் 2009இல போர் முடிஞ்ச பிறகு முகாமால வந்தவன். கலியாணவீடு, சாமத்தியவீடு ஒண்டுக்கும் வரான். பெரிய எடுப்பெண்டு எங்கட செட்டிலயே கதைச்சவை.

"உள்ளுக்கு வந்தா முதல் கேக்கிறது 'மற்றவன் எங்க?' எண்டுதானேடா" எண்டான் மச்சான்.

மைக்கல், ஊர் திரும்பாத சிநேகிதன் நிக்கைத் தேடித் திரும்பவும் சைகோன் போனபோது, "அவனுக்கு எங்க தேடுறதெண்டாவது தெரியுது" எண்டான் மச்சான்.

தேத்தண்ணி போட எழும்பினான். அடுத்தமுறை வடிவேலு படம்தானாம், கண்டிப்பாச் சொல்லிப்போட்டான்.